திருப்தி எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பத்துப் பேரிட்டப் பத்துப் படிவம் நிரப்பி வாங்கவேணும். அவ்வளவுதான்.

புதுசா வாசிக்கிறவைக்கு: நான் றெஜினா. ஊர் பேசாலை. பகலில முன்பள்ளி ரீச்சர், மிச்ச நேரத்தில தொலைக்கல்வியில பட்டப்படிப்புப் படிக்கிற மாணவி. முப்பத்தெட்டு வயசில மாணவி எண்டு சொல்லேக்க எனக்கே சிரிப்பு வரும். ஆனா இழுத்துப் பறிச்சுக் கடைசி வருஷத்துக்கு வந்திட்டன். மிஞ்சியிருந்தது ஒரு கள ஆய்வு மட்டும்.

தலைப்பு, "தொலைக்கல்வி மாணவர்களின் நூலகச் சேவைத் திருப்தி".

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தனான் எண்டு கேட்டால், வயித்தெரிச்சல்!

மன்னார் ரவுணில எங்கட கற்கை நிலையத்தில ஒரு நூலகம் இருக்கு. வடிவான நூலகம். கண்ணாடி அலுமாரி, புது மேசை, புதுக் கதிரை எல்லாம் இருக்கு. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை திறந்திருக்கும். நாங்கள் வேலை செய்யிற ஆக்கள் வகுப்புக்குப் போறது சனி ஞாயிறு. நாலு வருஷமா யன்னலுக்கு வெளியில நிண்டு புத்தகங்களின்ர முதுகைப் பாத்துப் பாத்து, எது பச்சை எது சிவப்பு எண்டு எனக்குப் பாடம். உள்ளுக்க என்ன எழுதியிருக்கு எண்டு மட்டும் தெரியாது.

போன வருஷம் இதே ஆய்வைப் பதினொரு பேரை மட்டும் வைச்சுச் செய்து குடுத்தன். "ஆக்கள் காணாது" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். இந்த முறை முப்பது பேர் வேணும். இருபது பேரை வகுப்பிலயே பிடிச்சிட்டன். மிச்சப் பத்துப் பேரும் எங்கட ஊரில தொலைக்கல்வி படிக்கிற பிள்ளையள்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் எல்லாத்தையும் மேடத்தின்ர கையில குடுக்கவேணும். மேடம் எண்டது என்ர ஆய்வுக்குப் பொறுப்பானவ. நாலே காலுக்கு அவ யாழ்ப்பாண பஸ் ஏறிடுவா. தவறினால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் எண்டால் நான் படிப்பை விட்டிடுவன் எண்டு எனக்குத் தெரியும். அந்தளவுக்குக் களைச்சுப்போனன்.

இந்தப் பத்துப் பேரும் ஒருத்தர் கடலுக்கு, ஒருத்தர் கடைக்கு, ஒருத்தர் கந்தோர் வேலைக்கு. அந்தக் கிழமை வகுப்பும் இல்லை, எல்லாரையும் ஒரே இடத்தில பிடிக்கலாம் எண்டால் அது மாதா கோயில் ஞாயிறு காலைப் பூசைதான். அதால ஒரு துண்டில வடிவா எழுதி, கோயிலில அறிவித்தல் வாசிக்கிற மூப்பரிட்டக் குடுத்தன்.

"தொலைக்கல்வி மூலம் பட்டப்படிப்புப் பயிலும் மாணவர்கள் மட்டும், நூலகச் சேவை தொடர்பான ஆய்வுப் படிவம் நிரப்புவதற்காக, பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வரவும்."

"மட்டும்" எண்டதுக்குக் கீழ கோடும் போட்டனான். இரண்டு கோடு!

அண்டைக்குப் பாத்துப் பங்குச் சுவாமியின்ர பிரசங்கம் நீண்டு போச்சு. மூப்பரிட்ட ஏழு அறிவித்தல். வெயிலும் ஏறுது, சனமும் நெளியுது. மூப்பர் நல்ல மனுசன், சனத்தில இரக்கப்பட்டு எல்லாத்தையும் சுருக்கிப்போட்டார்.

"படிவம் நிரப்புற ஆக்கள் பூசை முடிய மண்டபத்துக்கு வாங்கோ. றெஜினா ரீச்சர் பதியிறா."

ஒலிபெருக்கியில! கடற்கரை வரைக்கும் கேக்கும்!

எங்கட பக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேணும். சண்டை முடிஞ்சது, புயல் வந்தது, வெள்ளம் வந்தது. ஒவ்வொண்டுக்குப் பிறகும் ஆரோ ஒருத்தர் படிவமும் பேனையுமா வந்து பதிஞ்சுகொண்டு போவினம். பேந்து சில வீட்டுக்குத் தண்ணித் தாங்கி வரும். சில வீட்டுக்குக் கோழிக்குஞ்சு வரும். சில வீட்டுக்கு ஒண்டுமே வராது. ஏன் வந்தது, ஏன் வரேல்லை எண்டு ஒருத்தருக்கும் விளங்கினதில்லை. அதால ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு பிளாஸ்ரிக் பை ஆயத்தமா இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின்ர முதல் பக்கம். ஜெபமாலையை மறந்தாலும் அந்தப் பையை மறக்கமாட்டம்.

சுவாமி கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கேக்க, பின் வரிசையள் அரைவாசி வெறுமையாப் போச்சு. எல்லாரும் பை எடுக்க வீட்டுக்கு ஓடுகினம்.

நான் மண்டபத்துக்குப் போய்க் கதவைத் திறந்து, ஒரு மேசை, பத்துக் கதிரை போட்டு, பத்துப் படிவத்தையும் ஒழுங்கா அடுக்கிப்போட்டு நிமிர்ந்து பாத்தன்.

வாசலில இருநூறு பேர்.

வரிசையில! ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் ஒரு பக்கம். ஒருத்தரும் சொல்லேல்லை, தங்கட பாட்டில நிக்கினம். எங்கட சனத்துக்கு வரிசை எடுக்க ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. ஆரோ ஒருத்தர் துண்டில இலக்கமும் எழுதிக் குடுத்துக்கொண்டு நிண்டார்.

முதல் இலக்கம் பிலோமினாக்கா. கோயிலடியில கருவாடு விக்கிறவ. ஊரில எந்தப் பதிவெண்டாலும் முதல் ஆள் அவதான்.

"அக்கா, இது உங்களுக்கு இல்லை. இது படிக்கிற பிள்ளையளுக்கு."

"பிள்ளையளின்ர பேரிலயே குடுக்கிறாங்கள்? பரவாயில்லை, பேரப்பிள்ளை இருக்கு. எழுது."

நான் கதிரையில ஏறி நிண்டன். முன்பள்ளி ரீச்சருக்குத் தொண்டைக்குக் குறைவில்லை.

"எல்லாரும் கேளுங்கோ! இது வீட்டுத்திட்டம் இல்லை! நிவாரணம் இல்லை! இதை நிரப்பினால் ஒருத்தருக்கும் ஒண்டும் கிடைக்காது!"

மண்டபம் அமைதியாப் போச்சு. அப்பாடா, விளங்கிட்டுது எண்டு நினைச்சன்.

வரிசையின்ர நடுவில இருந்து ஒரு குரல்: "முதலில எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

வரிசை இன்னும் இறுகினது!

"இது நூலகத்தைப் பற்றின ஆய்வு!" எண்டு கத்தினன்.

"எங்களுக்கு நூலகமும் இல்லைத்தானே பிள்ளை," எண்டா பிலோமினாக்கா. "நூலகமெண்டால் கட்டடம் கட்டுவாங்கள். கட்டடமெண்டால் ஆக்களுக்கு வேலை வரும். நல்ல விஷயம்தானே, ஏன் மறைக்கிறாய்?"

அந்த நேரம் பாத்து வரிசையில ஒரு தெரிஞ்ச தலை. என்ர மனுசன் அன்ரன்! கையில எங்கட வீட்டுப் பை!

"நீங்கள் ஏன் இஞ்ச?"

"நீ ஏதோ குடுக்கிறாய் எண்டு ஊரெல்லாம் கதை. கட்டின மனுசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

ஆறு மாசமா இந்த ஆய்வைப் பற்றி ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரம் இந்த மனுசனுக்குச் சொல்லியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் "ஓம் ஓம்" எண்டு தலையாட்டினவர். பையைப் பறிச்சு வைச்சிட்டு ஆளை வீட்டுக்குக் கலைச்சுவிட்டன்.

சரி, என்ர பத்துப் பிள்ளையளும் எங்க?

எட்டிப் பாத்தன். வரிசையின்ர கடைசியில, வேப்பமரத்துக்கு அங்கால பத்துப் பேரும் நிக்கினம். பாவம், அறிவித்தலைக் கேட்டு, நிதானமா நடந்து வந்திருக்குதுகள். முன்னுக்கு இருநூறு பேர்.

"நிரோஷன்! நீங்கள் பத்துப் பேரும் முன்னுக்கு வாங்கோ!"

நிரோஷன் இரண்டு அடி வைச்சிருப்பான். சனம் பொங்கிச்சுது.

"வரிசையில வாங்கோ தம்பி!"

"நாங்கள் விடிய இருந்து நிக்கிறம்!" பூசை முடிஞ்சு கால் மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

"படிச்ச ஆக்களுக்கு வேற வரிசையோ?"

நிரோஷன் அந்த இரண்டு அடியையும் திருப்பி எடுத்தான்.

அதாவது, அந்தப் படிவத்தை நிரப்பத் தகுதியான பத்துப் பேருக்கு மட்டும் அந்தப் படிவத்துக்குக் கிட்ட வர ஏலாது. அதுக்குள்ள மேசையில இருந்த பத்துப் படிவமும் பறந்திட்டுது. எனக்கு உண்மையிலயே அழுகை வந்தது. நாலு வருஷப் படிப்பு கண்ணுக்கு முன்னால கை மாறிப் போகுது.

"மூப்பர், ஏதும் செய்யுங்கோ!" எண்டு கெஞ்சினன்.

மூப்பர் செய்தார். ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். அறிவித்தலைத் திருத்தி வாசிக்கப் போறார் எண்டு நினைச்சன். அரை மணித்தியாலத்தால திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"கவலைப்படாதேங்கோ ரீச்சர். இருநூற்றைம்பது பிரதி அடிச்சுக்கொண்டு வந்திட்டன்!"

பேந்து என்ன! ஊரே நிரப்பத் தொடங்கினது. எழுதத் தெரியாத ஆக்களுக்கு நான் எழுதினன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐஞ்சு விடை இருக்கும், "மிகவும் திருப்தி" தொடக்கம் "சிறிதும் திருப்தியில்லை" வரைக்கும். ஆரோ ஒரு ஐயா "பரவாயில்லை, திருப்தி எண்டு போடுங்கோ" எண்டு சொன்னதுதான், பிலோமினாக்கா பாய்ஞ்சு வந்தா.

"திருப்தி எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ! நான் பட்டனான். புயலுக்குப் பிறகு பதிய வந்த பெடியனிட்ட, 'நாங்கள் சமாளிப்பம் தம்பி' எண்டு மரியாதைக்குச் சொன்னன். பக்கத்து வீட்டுக்குத் தண்ணித் தாங்கி. எனக்கு ஒரு தொப்பி!"

மண்டபம் முழுக்க அந்தத் தொப்பிக்காக இரக்கப்பட்டது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டிலயும் திருப்திப்படேல்லை.

"நூலகத்துக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை செல்வீர்கள்?"

"கடலில காத்தெண்டால் போகலாம்."

"நூலகர் மரியாதையாக நடந்துகொள்கிறாரா?"

"ஆளை இண்டு வரைக்கும் கண்ணால கண்டதில்லை. மரியாதை தெரிஞ்ச ஆளெண்டால் ஒருக்காவாவது வந்திருக்கும்."

"நூலகத்தைப் பயன்படுத்துவதில் உள்ள தடைகள்?"

"முழங்கால்."

"மேலும் என்ன வசதிகள் தேவை?"

"மீன் வைக்க ஐஸ் அறை." இதை மட்டும் நாற்பது பேராவது எழுதியிருப்பினம்.

பிலோமினாக்காவிட்ட, "எப்பிடியான புத்தகம் விருப்பம்?" எண்டு கேட்டன். சும்மா ஏதோ சொல்லுவா எண்டு பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

"நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான் பிள்ளை. ஆனா வாசிப்பன். கருவாடு சுத்துற பேப்பரை வாசிச்சுப்போட்டுத்தான் சுத்துவன். கதை ஏதும் பாதியில நிண்டால்தான் மனசு கேக்காது. முழுக்கதை இருக்கிற புத்தகம் எண்டு எழுது. எழுத்துக் கொஞ்சம் பெரிசா."

அவ சொன்னதை அப்பிடியே எழுதினன். எழுதி முடியமுன்னம், "சிறிதும் திருப்தியில்லை எண்டதில வடிவா அடையாளம் போட்டனியே?" எண்டு எட்டிப் பாத்தா.

பதினொண்டரைக்கு ஜீ.எஸ். வந்தார். எங்கட கிராம அலுவலர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில நிண்ட மனுசனை ஆரோ போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். வாசலிலயே நிண்டு சத்தம்.

"என்ர பிரிவில எனக்குத் தெரியாம ஆர் பதிவு எடுக்கிறது?"

முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன். ஒரு படிவத்தை நீட்டினன். வாசிச்சார். பக்கத்தைத் திருப்பினார். முகம் மாறினது. என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர்... எனக்கும் ஒண்டு தாங்கோ."

"சேர், நீங்களுமோ? உங்களுக்கும் ஐஸ் அறையோ?"

"சத்தம் போடாதேங்கோ. நானும் தொலைக்கல்விதான். இரண்டு பாடம் இன்னும் கிடக்கு. கந்தோரில ஒருத்தருக்கும் தெரியாது." குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்த யன்னலுக்கால புத்தகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஆக்களில நானும் ஒருத்தன்."

கட்டிப்பிடிச்சு அழாத குறை! ஜீ.எஸ். மூலையில குந்தியிருந்து நிரப்பினார். மனச்சாட்சி உள்ள மனுசன், ஒரு இடத்தில "ஓரளவு திருப்தி" எண்டதில அடையாளம் போட்டிட்டார். பின்னால நிண்ட பிலோமினாக்கா, "சேர், உங்களுக்கு விசரே?" எண்டா. ஜீ.எஸ். அதை வெட்டி, "திருப்தியில்லை" எண்டு மாத்தி, வெட்டின இடத்துக்குப் பக்கத்தில சின்னக் கையெழுத்தும் திகதியும் வைச்சார். பழக்கம் விடாது.

பத்துப் பிள்ளையளும் மேசைக்கு வந்து சேரேக்க இரண்டு மணி. அதுக்குள்ள கதிரை எல்லாம் கலைஞ்சு, படிவம் எல்லாம் கலந்து, ஒரு மலையாக் கிடந்தது. பிரிச்செடுக்க நேரமில்லை. பிரிச்செடுக்க விடவும் மாட்டினம். "எங்கட எல்லாத்தையும் கொண்டு போவீங்கள்தானே?" எண்டு வாசலில நிண்டு கேக்கினம். ஒரு உரப்பையைத் தட்டி, அவ்வளவையும் உள்ளுக்க திணிச்சு, இரண்டரை பஸ்ஸைப் பிடிச்சன். மூப்பர் பஸ் வரைக்கும் வந்து பையைத் தூக்கி ஏத்திவிட்டு, "பாத்துச் செய்யுங்கோ ரீச்சர்" எண்டு கும்பிட்டார்.

ரவுணுக்குக் கிட்ட றோட்டு நடுவில நாலு கழுதையள். றைவர் ஹோண் அடிக்கிறார், அதுகள் யோசிக்குதுகள். ஒரு மாதிரி இறங்கி, தலையில உரப்பையோட ஓடி, கற்கை நிலையத்துக்குப் போகேக்க மூண்டே கால்.

மேடம் நூலகத்துக்கு முன்னால, பூட்டின கதவடியில ஒரு கதிரையில இருந்தா.

"றெஜினா, நான் முப்பது படிவம் எல்லே கேட்டனான்?"

"ஓம் மேடம். உள்ளுக்க இருக்கு."

"எதுக்குள்ள?"

பையைக் கவிட்டுக் கொட்டினன். விறாந்தை முழுக்கக் கடதாசி. மேடம் ஒண்டை எடுத்தா. வாசிச்சா. இன்னொண்டை எடுத்தா.

"'நூலகத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை'... இது ஆர்?"

நான் எல்லாத்தையும் சொன்னன். மூப்பர், ஒலிபெருக்கி, தொப்பி, எல்லாம். திட்டு விழும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு நிண்டன். கண்ணைத் திறந்தால் மேடம் சேலைத் தலைப்பை வாயில வைச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா. கண்ணால தண்ணி ஓடுது.

"சரி சரி, இரும். மாணவர் பதிவு இலக்கம் எண்டு ஒரு பெட்டி இருக்கெல்லே? அதைப் பாத்துப் பிரிப்பம்."

இரண்டு பேரும் சீமெந்து நிலத்தில குந்தினம். அந்தப் பெட்டிக்குள்ள எங்கட ஊர் ஆக்கள் என்ன எழுதியிருந்தவை தெரியுமே? படகுப் பதிவு இலக்கம்!

"இது படகு," எண்டு மேடம் ஒரு பக்கம் போடுவா. "இதுவும் படகு. இது... மோட்டச்சைக்கிள். இது மாணவர்!"

ஒவ்வொரு மாணவர் வரேக்கயும் நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினம். இதில ஒரு பகிடி, என்ர பிள்ளையளும் நாலு மணித்தியாலம் வரிசையில நிண்டு நிண்டு அந்தச் சனத்தோட சனமாப் போச்சுதுகள். எல்லாத்திலயும் திருப்தியில்லை. எல்லாத்துக்கும் பின்னால அடையாள அட்டைப் பிரதி! பல்கலைக்கழகம் படிக்கிற பிள்ளையள்!

மூண்டே முக்காலுக்கு ஒன்பது மாணவர். பத்தாவதைக் காணேல்லை. கிண்டினம், கிளறினம். பேந்து பாத்தால் நிரோஷன், அந்த விசரன், தகப்பனோட கடலுக்குப் போறவன், அவனும் படகு இலக்கத்தை எழுதியிருக்கிறான்!

"மாணவர் இலக்கம் இல்லாமல் சேர்க்க ஏலாது றெஜினா," எண்டா மேடம். சிரிப்பு நிண்டுபோச்சு. மணிக்கூட்டைப் பாத்தா.

வகுப்பில வாங்கி வைச்ச இருபதோட சேர்த்து இருபத்தொன்பது. என்ர நாலு வருஷமும் ஒரு கடதாசியில வந்து நிண்டுது. கடைசிக் குவியலைப் புரட்டினன். ஒண்டில வெட்டின இடத்துக்குப் பக்கத்தில சின்னக் கையெழுத்து. திகதி. மேல மாணவர் இலக்கம்.

ஜீ.எஸ்.!

"முப்பது!" எண்டு நான் போட்ட சத்தத்துக்குக் காவலாளி ஓடி வந்தார்.

மேடம் முப்பதையும் தட்டி அடுக்கி, கிளிப் போட்டு, "கிடைத்தது" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சா. மிச்சத்தையும் எறிய வேண்டாம், பின்னிணைப்பா வைப்பம், மேலிடம் ஒருக்காப் பாக்கட்டும் எண்டா. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. நிலத்தில கிடந்த மிச்சத்தை இரண்டு பேருமாப் பொறுக்கினம்.

"பொறும்," எண்டா மேடம். "இன்னொரு மாணவர் கிடக்கு. முப்பத்தொண்டு."

கையில எடுத்து வாசிச்சா. எல்லாக் கேள்விக்கும் "சிறிதும் திருப்தியில்லை". பின்னால அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின்ர முதல் பக்கம். ஊசி போட்டு வடிவாக் குத்தியிருந்தது. மேடம் படத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. திரும்பவும் படத்தைப் பாத்தா.

"றெஜினா, இது நீர்தானே?"

"ஓம் மேடம்."

"ஆய்வு செய்யிறதே நீர். ஒருத்தருக்கும் ஒண்டும் கிடைக்காதெண்டு கதிரையில ஏறி நிண்டு கத்தினதும் நீர். பேந்து ஏன் நிரப்பினனீர்?"

"இருநூறு பேர் நிரப்பேக்க, எங்கட வீடு மட்டும் விடுபடக் கூடாதெல்லோ மேடம்."